கண்டல்முனைக்கு இரண்டு வாக்கு

என்ர அன்பு அப்பா, கண்டல்முனையின் முதலாவது செனற்றரே,

மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டது மரியதாஸ் மாமாவின் கதிரையில் இருந்த மெத்தையைத்தான். எல்லாம் வேதக்கோவில் மண்டபத்து வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள். அதில் ஒன்றில் மட்டும் சிவப்பு மெத்தை, நாலு மூலையிலும் குஞ்சம். போன வருசம் நீங்கள் இருந்தபோது அது இல்லை. சபையில் கதிரைகள் எல்லாம் சமம் என்று யாப்பில், அந்த விதிக் கொப்பியில், எழுதி வைத்தீர்கள். மெத்தையைப் பற்றி எழுத மறந்துவிட்டீர்கள்.

நான் ஏன் கூட்டத்துக்குப் போனேன் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆறு பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் தண்ணி கேட்கவே எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டு நிலைமை என்று எல்லாருக்கும் சொன்னோம். உண்மை உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். இஞ்சை இத்தாலிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையின் மேசைக்குப் பக்கத்தில் எழும்பி நின்று, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, வாயால் பதில் சொல்கிற சோதனை இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் விட்டேன். பதினாறு முடிந்த அடுத்த கிழமையே விட்டேன். நீங்கள் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் ஒரு தும்புத்தடியைத் தந்து, "வா, பொலிதேயாமாப் பக்கத்து மாடிக் கட்டிடத்தில படி துடைக்கவேணும், அங்கை ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்" என்றீர்கள்.

ஆனால் கேள்வி கேட்க நீங்கள் இருந்தீர்களே. ஐந்து மாடிப் படிக்கட்டில், ஒரு காதில் யூரியூப், மற்றக் காதில் நான். ஆறு மாதத்தில் எனக்கு அமெரிக்கா முழுக்கத் தெரிந்துவிட்டது. இத்தாலியில் யார் பிரதமர் என்று கேட்டால் தடுமாறுவேன்.

எத்தனையோ தமிழ் அப்பாமார் கிரிக்கெட் பார்க்கினம். உங்களுக்கு மட்டும் ஏன் அமெரிக்க அரசாங்கம் பிடித்தது? ஒருநாள் கேட்டேன். சமஷ்டி, அதுதான் கூட்டாட்சி, என்ற சொல்லுக்காக என்றீர்கள். "எங்கட நாட்டில இந்தச் சொல்லைச் சொன்னாலே சண்டை பிள்ளை. அங்கை அதைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு திரியினம். எப்பிடி எண்டு பாக்கவேணும்தானே?"

மூன்றாம் மாடியில் வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்து நீங்கள் விளங்கப்படுத்தினது இன்னும் ஞாபகம். ஐம்பது வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தன் குசினி, தன் உப்பு, தன் சட்டம். நடுவில் ஒரு பெரிய வீடு. பெரிய வீட்டுக்கு எந்த எந்த வேலை என்று ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாதது எல்லாம் சின்ன வீடுகளுக்கும் சனத்துக்கும். ஒரு அவையில் சனத்தொகைப்படி ஆட்கள். மற்ற அவையான செனற்றில், பெரிய மாநிலமோ சின்ன மாநிலமோ, மாநிலத்துக்கு இரண்டு பேர்.

"அப்ப சின்ன மாநிலக்காரருக்கு நல்ல லாபம்" என்றேன்.

"அதுதான் வடிவே!" என்று நீங்கள் சத்தம் போட, இரண்டாம் மாடி சிஞ்ஞோரா கதவைத் திறந்து பார்த்தா.

அதே வாளியில் இருந்துதான் மற்றதையும் சொன்னீர்கள். அந்த அரசியலமைப்பை எழுதினது யார்? காணியும் காசும் உள்ள ஆம்பிளையள், அதில் கனபேர் அடிமைகளையும் வைத்திருந்தவை. கொதிக்கிற வெயிலில் யன்னலைப் பூட்டிக்கொண்டு எழுதினவை, வெளியில் ஒருத்தருக்கும் கேட்கக்கூடாது என்று. சனத்தின் பெயரில் எழுதினவை, ஆனால் சனத்துக்கு நல்ல பயம். அதனால் செனற்றர்களைச் சனம் நேரே தெரிவு செய்ய முதலில் விடவே இல்லை. சனாதிபதியையும் சனம் நேரே தெரிவு செய்வதில்லை, நடுவில் ஒரு கூட்டம் நிற்கும். "இண்டைக்கும் அப்பிடித்தான் எண்டு கொஞ்சப் படிச்ச ஆக்கள் சொல்லுகினம். ஆர் வெண்டாலும் மேல இருக்கிறது அதே மேட்டுக்குடி. கம்பனியால வந்து மந்திரியாவினம், மந்திரி முடிய கம்பனிக்குப் போவினம். வேற கொஞ்சப் படிச்ச ஆக்கள், இல்லை இல்லை, நூறு கூட்டம் நூறு பக்கம் இழுக்குது, ஒருத்தரும் முழுசா வெல்லேலாது எண்டு சொல்லுகினம்."

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"நான் படி துடைக்கிறவன். எந்தக் கட்டிடமெண்டாலும் மேலயிருந்துதான் துடைக்கத் தொடங்கவேணும்."

இதையெல்லாம் கேட்டு நான் சும்மா இருந்தேன். பலெர்மோத் தமிழர்தான் பாவம். அவர்கள் உங்களை நம்பி, மலையேற்றச் சபைக்கு யாப்பு எழுதித் தரச் சொன்னார்கள்.

வருசத்துக்கு ஒருக்கால், பலெர்மோவைக் காக்கிற புனிதை சாந்தா றொசாலியாவின் மலைக்கு எல்லாரும் வெறுங்காலோடு ஏறுகிறோம். வேதக்காரரும் வருவினம், சைவக்காரரும் வருவினம். இறங்கி வந்து மரங்களுக்குக் கீழே ஒன்றாக இருந்து சோறு தின்கிறோம். அவ்வளவுதான் விசயம். அதற்கு நாற்பது பக்கக் கொப்பியில் அமெரிக்காவை இறக்கி வைத்தீர்கள். மன்னார், யாழ்ப்பாணம், வடமராட்சி, தீவுப்பகுதி, கண்டல்முனை: ஐந்து ஊர், ஊருக்கு இரண்டு வாக்கு. கண்டல்முனையில் இருந்து பலெர்மோவுக்கு வந்தது எங்கட வீடு மட்டும்தான். அதைத் தீவுப்பகுதியோடு சேர்ப்போம் என்று மரியதாஸ் மாமா சொன்னபோது நீங்கள் எழும்பி, "சுத்திவரக் கடல் நிக்குது, தனி ஊர் எண்டதுக்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?" என்று கேட்டீர்களாம். அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பா.

நீங்கள் போன பிறகு இரண்டு கூட்டம் நடந்தது. துக்க வீடு, நாங்கள் போகவில்லை. அப்போதுதான் யோகம் அன்ரி போன் எடுத்தா. வடமராட்சிப் பிரதிநிதி, சபையின் செயலாளர், உங்கட கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறவ. "பிள்ளை, மூண்டு கூட்டத்துக்கு ஒருத்தரும் வராட்டி அந்த ஊரின்ர இடம் போயிடுமாம். கொப்பா தன்ர கையால எழுதி வைச்சிருக்கிறார். வாற ஞாயிறு மூண்டாவது."

ஏன் அப்பா அப்படி எழுதினீர்கள்? மற்ற ஊர்க்காரர் சோம்பேறி என்று நினைத்தீர்களா? ஒராள் போனால் இரண்டே பேர் மிஞ்சுகிற ஊர் எங்கடதுதான் என்று ஒரு நிமிசம் யோசிக்கவில்லையா?

அதோடு இன்னொன்று. இந்த முறை மலையேறும் நாளை மாற்றவேண்டும் என்று மரியதாஸ் மாமா பிரேரணை கொண்டு வருகிறார் என்று அன்ரி சொன்னா. வியாழன் அல்ல, ஞாயிறு. மணித்தியாலக் கணக்கில் வீடு துடைக்கப் போகிறவைக்கு ஞாயிறுதான் வசதி. ஆனால் அம்மா கடற்கரைப் பக்கம், ஸ்ஃபெர்ராகவால்லோவில், தான் பராமரிக்கிற அந்தக் கிழவரோடேயே தங்கி வேலை. ஞாயிறு அவரின் பிள்ளைகள் எல்லாம் சாப்பிட வருவினம், அம்மா அசையவே முடியாது. வீட்டோடு தங்கி வேலை செய்கிற எல்லாப் பெண்டுகளுக்கும் போல, வியாழன் மத்தியானத்துக்குப் பிறகுதான் அம்மாவுக்கு லீவு. இந்த மலையேற்றத்தோடு நீங்கள் போய் ஒரு வருசம். வெறுங்காலோடு ஏறி உங்களுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று அம்மா நேர்ந்து வைத்திருக்கிறா.

அம்மாவிடம் சொன்னேன். பிறகு வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது: "அப்பாவின்ர இடத்துக்கு உன்னை நியமிக்கிறன். மற்ற வாக்கு என்ர, அதையும் நீயே சொல்லு. போய் இரு." பின்னால் கிழவர் காப்பி கேட்டுக் கத்துகிறது கேட்டது. செனற்றர் செத்தால் அமெரிக்காவில் கனக்க மாநிலங்களில் ஆளுநர் ஒரு ஆளை நியமிப்பார் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. எங்கட ஆளுநர் குரல் செய்தியில் நியமித்தா.

இனிக் கூட்டம். ஞாயிறு காலைப் பூசை முடிந்து, மண்டபம், சிவப்பு மெத்தை. யாழ்ப்பாணத்து மரியதாஸ் மாமா தலைவர். அவரிடம் இரண்டு விசயம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஒன்று, மலையேற்றத்துக்குச் சோறு அவிக்கிற அந்தப் பெரிய கிடாரம். மற்றது, பெரிய கட்டிடத்தில் வாசல் காவல் வேலை செய்கிறபடியால், அங்கே மாடியில் இருக்கிற லோயரின் நம்பர். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிறதில் சிக்கல் வந்த எல்லாரும் அவரிடம்தான் போவினம். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கும் உதவினவர். அதனால்தான் அவருக்கு முன்னால் எல்லாருக்கும் தலை தானாக ஆடுகிறது.

"ஞாயிறு எண்டால் எல்லாருக்கும் வசதி" என்றார் மாமா.

"எல்லாருக்குமோ?" என்றார் பிலிப் அண்ணை. மன்னார்ப் பிரதிநிதி, ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. "ஞாயிறு மத்தியானம் நான் மலையில நிண்டால் முதலாளி என்னைக் கணவாயோட சேர்த்துப் பொரிப்பான்."

"உனக்கு ஒரு நாள் லீவு எடுக்கேலாதோ?"

"எடுக்கலாம் அண்ணை. பிறகு ஒவ்வொரு நாளும் லீவுதான்."

வாக்கெடுப்பு. உங்கட விதிப்படி கை உயர்த்தினால் செல்லாது. எழும்பி நின்று, பெயரையும் ஊரையும் சொல்லி, வாயால் சொல்லவேண்டும். தலை சொறிகிறவனின் கையையும் வாக்காக எண்ணிவிடுவார்கள் என்று அப்படி எழுதினீர்களாம். அப்பா, நீங்கள் அதை எழுதுகிறபோது நான் பக்கத்து அறையில்தானே இருந்தேன்? பள்ளிக்கூடத்தில் எதற்குப் பயந்து ஓடிவந்தேனோ, அதையே யாப்பில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

மன்னார் இரண்டும் வியாழன். வடமராட்சி இரண்டும் வியாழன். யாழ்ப்பாணம் இரண்டும் ஞாயிறு. தீவுப்பகுதி இரண்டும் ஞாயிறு. நாலுக்கு நாலு. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எழும்பினேன். கதிரையும் என்னோடு கொஞ்சம் எழும்பியது. பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மண்டபம் வகுப்பறை ஆனது, மாமா ஆசிரியை ஆனார். என் வாய் தன் பாட்டில் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது சொல்கிறதைச் சொன்னது: "ப்ரெசென்தே."

பிலிப் அண்ணை மேசையில் அடித்துச் சிரித்தார். "வந்திருக்கிறாய் எண்டு தெரியுது பிள்ளை! எந்த நாள் எண்டு சொல்லு!"

மாமா சிரிக்கவில்லை. கொப்பியைப் பிரட்டச் சொன்னார். யோகம் அன்ரி விருப்பமில்லாமல் வாசித்தா: 'இருக்கிறேன் என்று மட்டும் சொன்னால் அது ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. வாக்கு சமமாக வந்தால் தலைவர் தீர்மானிப்பார்.' இரண்டும் அமெரிக்காவில் இருந்து நீங்கள் இறக்குமதி செய்தவை. உங்கட விதி ஒவ்வொன்றும் அன்றைக்கு என்னைத்தான் தேடி வந்தது.

"அப்ப நாலுக்கு நாலு. நான் தலைவர். என்ர முடிவு..." என்று மாமா தொடங்கினார்.

"பொறுங்கோ" என்றேன். என் குரல் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. "நான் இன்னும் இருக்கேல்லை. நிண்டுகொண்டுதான் நிக்கிறன். முடிக்கேல்லை."

"ஓம், பிள்ளை இன்னும் நிக்குது" என்றா யோகம் அன்ரி.

"கண்டல்முனை. இரண்டும் வியாழன்" என்றேன். இருந்தேன். கதிரை கொஞ்சம் தள்ளி நின்றதால் அரைவாசிதான் இருந்தேன்.

வென்றுவிட்டோம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மரியதாஸ் மாமா ஆறுதலாக எழும்பி, மெத்தையைத் தட்டிச் சரி செய்தார். "யாப்பு யாப்புதான். வியாழன் எண்டால் வியாழன். ஆனா அண்டைக்கு என்ர கிடாரம் வராது. எனக்கு வேற அலுவல் இருக்கு."

கிடாரம் இல்லாமல் இவ்வளவு சனத்துக்கும் எதில் சோறு? யோகம் அன்ரிக்குப் பக்கத்தில் இருந்த மற்ற வடமராட்சிப் பிரதிநிதி மெல்லமாக, "ஞாயிறெண்டாலும் பரவாயில்லை, எனக்கு ஒண்டுமில்லை" என்றா. பிலிப் அண்ணையோடு வந்தவரும் செருமினார். அவரின் பெர்மெஸ்ஸோ அடுத்த மாதம் முடிகிறது.

அப்போதுதான் அந்த வாளியில் இருந்து நீங்கள் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது. வாக்கு ஐந்து ஊரிடம், கிடாரம் ஒரு ஆளிடம். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டிரண்டு கதிரை அளந்து போட்டீர்கள், அடுப்பை யார் வைத்திருக்கிறார் என்று பார்க்கவில்லை. உங்களில் எனக்குச் சரியான கோபம் வந்தது. செத்தவரோடு சண்டை பிடிக்கவும் முடியாது. கொப்பியைத்தான் வாங்கினேன், எங்கேயாவது கிடாரம் என்று ஒரு சொல் இருக்குமா என்று பார்க்க.

நாற்பது பக்கத்திலும் இல்லை. கதிரை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, செருப்பு எங்கே கழற்றுவது என்றுகூட இருக்கிறது. சமையல் இல்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். உங்கட சரிந்த எழுத்தில் ஒரே ஒரு வரி. அதை அன்ரியிடம் நீட்டினேன். அன்ரி கொப்பியைத் திரும்ப என் பக்கம் தள்ளினா. "நீயே வாசி."

இந்த முறை எழும்பவில்லை. இருந்தபடியே, கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு வாசித்தேன்: 'இதில் எழுதப்படாத அதிகாரம் எல்லாம் அந்தந்த ஊர்களுக்கே.'

ஒருத்தருக்கும் விளங்கவில்லை. கொப்பிக்குப் பின்னால் இருந்து சொன்னேன். "சமையல் எழுதேல்லை. அப்ப சமையல் ஊருக்கு. ஒவ்வொரு ஊரும் தன்ர பானையில சமைச்சுக்கொண்டு வரட்டும்."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கதைக்கத் தேவைப்படவில்லை, அவர்களை நிறுத்தத்தான் முடியவில்லை. மன்னார்ச் சாம்பாருக்குப் பக்கத்தில் வடமராட்சிச் சாம்பார் நிற்க ஏலாது என்று யோகம் அன்ரி. "ஏன், உங்கட சாம்பார் வெக்கப்படுமோ?" என்று பிலிப் அண்ணை. தீவுப்பகுதிக்காரர், ஞாயிறுக்கு வாக்குப் போட்டதை மறந்து, கத்தரிக்காயை இப்பவே தங்கட பெயரில் பதியச் சொன்னார்கள். கபோச் சந்தையில் எந்தக் கடையில் நல்ல கத்தரிக்காய் என்று தனியாக ஒரு சண்டை.

மாமா மெத்தையில் திரும்ப இருந்தார். பிறகு, "அப்ப என்ர கிடாரத்தில ஆர் சமைக்கிறது?" என்றார், சின்னக் குரலில்.

பின்வரிசையில் இருந்து மாமாவின் மனுசி, எங்கட மாமி, சொன்னா: "யாழ்ப்பாணத்துக்கும் சோறு வேணும்தானே. வியாழன் நான் வாறன். கிடாரத்தை நீங்கள் தூக்கிக்கொண்டு வாங்கோ. அலுவல் இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வாங்கோ."

வெளியில் வரும்போது பிலிப் அண்ணை என்னிடம் கேட்டார், சிரித்துக்கொண்டுதான். "மன்னார்ச் சனம் இவ்வளவு பேர், எங்களுக்கும் இரண்டு வாக்கு. நீயும் கொம்மாவும் இரண்டே பேர், உங்களுக்கும் இரண்டு. இது என்ன நியாயம் பிள்ளை?" இந்த முறை அந்த இரண்டு வாக்கால் அவருக்கும் நன்மை வந்தது. அடுத்த முறை அவருக்கு எதிராக வந்தால்? அமெரிக்காவிலும் இதையே இன்னும் கேட்டுக்கொண்டு இருக்கினம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும், கோபிக்கக்கூடாது. யன்னலைப் பூட்டிவிட்டு எழுதினவர்கள் தங்களுக்கு வசதியாக எழுதினார்கள் என்று அவ்வளவு கதைத்தீர்களே. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தன் சின்னத் தீவுக்கு இரண்டு வாக்கு எழுதி வைத்தவரை என்னென்று சொல்கிறது? பலெர்மோவில் கொப்பியும் பேனையும் உங்களிடம்தானே இருந்தது. அப்போது நீங்களும் மேட்டுக்குடிதானா அப்பா?

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். வியாழன் என்றேன். "ஆர் கதைச்சது?" என்றா. நான் என்றேன். "நீயோ?" என்றா. பிறகு, "என்ன கதைச்சனி? முழுக்கச் சொல்லு" என்றா. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன், 'ப்ரெசென்தே'யையும் விடாமல். அம்மா சிரித்துச் சிரித்து, பிறகு மூக்கை உறிஞ்சினா. கிழவர் பின்னால் இருந்து என்ன என்ன என்று கேட்டார். "என்ர மகள் கதைச்சவள்" என்று அம்மா அவருக்கு இத்தாலிய மொழியில் சொன்னா. அந்த மனுசனுக்கு என்ன விளங்கியதோ, "பிராவா, பிராவா" என்றார்.

வியாழன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன் அப்பா. இரண்டு பேரும் வெறுங்காலோடுதான் வருவோம். இனி ஒரு கூட்டத்தையும் விடமாட்டேன், நீங்கள் எழுதிய எல்லா விதிக்கும் எழும்பி நிற்பேன், பிழையான விதிக்கு உங்களோடு சண்டை பிடிக்கவும் எழும்பி நிற்பேன்.

போனை வைத்துவிட்டு அலுமாரிக்கு மேலே இருந்த சோற்றுப் பானையை இறக்கிக் கழுவினேன். மற்ற ஊர்ப் பானைகளோடு மாறிப் போகாமல் இருக்க, கைப்பிடிக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் கண்டல்முனை என்று எழுதி, காய வைத்தேன்.

உங்கட மகள்,
உங்கட கதிரையில் இப்போது இருக்கிறவள்